நாற்பது வீட்டு வீடியோ கால்

பிள்ளையார்பாளையத்துத் திருஞானசம்பந்தம், தான் நெய்த புடவைகளை வெள்ளிக்கிழமைதோறும் செல்போன் நேரலையில் காட்டி விற்பவர். நான்கு வாரமாக ஒன்றும் விற்கவில்லை. முந்தியை விரித்ததும் படம் நின்றுவிடும். வாய் திறந்தபடி அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மாள் மலர்வளையமே அனுப்பிவிட்டாள்.

கேபிள்காரன் கண்ணாயிரம் வந்து பார்த்தான்.

"தெருவுக்கே ஒரு லைன்தாண்ணா. பெட்டிதான் பிரிச்சுக் குடுக்குது. எந்த வீடு அதிகமா இழுக்குதோ அதுக்கு அதிகம். எதிர்வீட்டு மணிவண்ணன் உன் நேரம் பார்த்து எட்டு டிவியில படம் ஓட்டிக்கினு இருக்காரு."

"பெட்டிக்கு நாயம் தெரியாதா?"

"ஒண்ணு தெரியும். ஆள் பேசற வீடியோ காலுக்கு மொத பங்கு. மிச்சம்தான் நேரலைக்கும் படத்துக்கும்."

மணிவண்ணன் புடவை வியாபாரி, தறியில் உட்கார்ந்தவனில்லை. சிங்கப்பூர்க் கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவைகளை நேரலையில் காட்ட நாள் குறித்தவன், அன்று அமாவாசை என்பதைக் கவனிக்கவில்லை. அமாவாசையன்று தெருவில் எவரும் தறி மிதிப்பதில்லை. நாற்பது வீட்டிலும் கை சும்மா இருக்கும்.

சம்பந்தம் வீடு வீடாகப் போனார்.

"பத்து மணிக்கு ஒருத்தருக்கொருத்தர் வீடியோ கால் போடுங்கபா. பேச ஒண்ணுமில்லன்னா மூஞ்சியப் பார்த்துக்கினு இருங்க."

"இன்னாத்துக்கு?"

"மணிவண்ணனுக்கு."

மேலே யாரும் கேட்கவில்லை. குறை சொல்லி அவன் திருப்பி அனுப்பாத புடவை அந்தத் தெருவில் கிடையாது.

அமாவாசையன்று பத்து மணிக்கு மணிவண்ணன் வணக்கம் சொன்னான். 'வ' மட்டும் போய்ச் சேர்ந்தது. மீதி பதினொரு மணிக்குப் போனது. சிவப்புப் புடவையில் சிவப்பு சிங்கப்பூர் போய்விட்டது, ஜரிகை பக்கத்து ஊர் வாலாஜாபாத்தைக்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டுக் கத்தலைக் கேட்கக் கேட்கச் சம்பந்தத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்நேரம் அவர் போன் அடித்தது. அதே சிங்கப்பூர்க் கல்யாண வீட்டு அம்மாள், வீடியோ காலில்.

"அவரு படமே வரலைங்க. எதிர்வீட்டுல நீங்களே நெய்து விக்கறீங்களாமே? உங்க பழைய நேரலையில நம்பர் இருந்தது. ஒன்பது புடவை வேணும். ஐயோ, நீங்களும் கட்டம் கட்டமா தெரியறீங்களே!"

மனைவி வடிவாம்பாள் ஓடிவந்தாள். "எல்லாரையும் போனை வெக்கச் சொல்லுய்யா! ஒம்பது புடவை!"

"வெச்சா அவன் படமும் தெளிஞ்சிடும்."

"தெளிஞ்சா தெளியட்டுமே!"

சம்பந்தம் சன்னல் வழியாகப் பார்த்தார். மணிவண்ணன் ரௌட்டரைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான்.

"இப்போ கொஞ்சம் வேலையா இருக்கேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். அதோடு ஒரு வீடியோ கால் குறைந்துபோனது அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற வடிவாம்பாளுக்கே வீடியோ கால் போட்டார்.

அவளும் எடுத்தாள், திட்டுவதற்காக.