பூனைக்குப் பிடுங்கிய பல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம், ஓசூர் பாகலூர் ரோட்டில் உள்ள ஒரு பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஒரு மனிதர் தக்காளிக் கூடைக்குள் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, மனிதர்களுக்குப் பல் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுவருவதை நான் கற்பனை செய்திருக்கவே மாட்டேன். என் கற்பனைக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஓசூரின் வானம் அன்று ஒரு சொத்தைப் பல்லைப் போல மங்கி"

நிறுத்திவிட்டேன். பல்வலிக்காரன் வானத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த தொடக்கம்:

"பல் என்பது மனிதனுக்கு"

இதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

2

அவர் பெயர் தஸ்தகீர். வயது ஐம்பது. சிப்காட் கம்பெனிகள் கழித்துப்போடும், சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டுகளை வாங்கிப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகையாக விற்கிறவர். (ஆணி பிடுங்குகிறவருக்குப் பல் பிடுங்கப் பயமா என்று ஒரு வரி எழுதினேன். மலிவான வரி. இருந்தாலும் மனசு வராமல் அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன்.)

அவருக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் எட்டு மாதமாக வலி. கிராம்புத் தைலத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டார். வீட்டில் பிளவுஸ் தைக்கும் அவர் மனைவி சுக்ரா, சீட்டு எடுத்த பணத்தில் ஒன்பதாயிரத்தை அவர் சட்டைப்பையில் வைத்து, "இன்னிக்கு ரூட் கெனால் பண்ணிக்கினுதான் வூட்டுக்கு வரணும்" என்று அனுப்பியிருந்தார்.

பூனையின் பெயர் லட்டு. மகள் நபீலா கல்யாணமாகிக் கிருஷ்ணகிரி போனபோது விட்டுப்போனது. அவள் தினமும் வீடியோ காலில் வருவாள். பேசுவது பூனையோடு மட்டும்தான். அந்த லட்டு ஐந்து நாளாக எதையும் தின்னாமல் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது. அரசு கால்நடை மருத்துவமனையில் பார்த்தார்கள். இரண்டு பல் வேரோடு அழுகிவிட்டது, மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை, பெங்களூரு போங்கள் என்றார்கள். பெங்களூருக்குப் போன் போட்டால் இருபத்திநாலாயிரம்.

"மேடம், என் பல்லோட சேர்த்து இதுக்கும் ரெண்டு புடுங்கி வுட்ருங்க" என்றார் தஸ்தகீர். "வாய் சின்னதுதான். நேரம் புடிக்காது."

அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் மணிமேகலை கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கூடை உறுமியது.

"ஐயோ, நான் மனுசங்களுக்குத்தாங்க பார்ப்பேன்."

"பல்லு பல்லுதானே மேடம்? எனக்கே ஒம்போதாயிரம் சொன்னீங்க. இத்தினூண்டு வாய்க்கு இருபத்திநாலாயிரமா?"

"உங்களை வாயைத் தொறங்கன்னா தொறப்பீங்க. அது தொறக்குமா? ரத்தம் பார்க்கணும், எக்ஸ்ரே எடுக்கணும், முழு மயக்கம் குடுக்கணும். எனக்கு அதுக்கு மருந்து அளவு தெரியாது. உயிருக்கே ஆபத்துங்க."

ஆனாலும் அவர் போனை எடுத்தார். அத்திப்பள்ளியில் கால்நடை டாக்டராக இருக்கும் தன் தோழியிடம் கன்னடத்தில் நெடுநேரம் பேசினார். பேசி முடித்து, "இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்றா. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். அதுக்கு மேல குறைக்க முடியலைங்க" என்றார்.

தஸ்தகீர் சட்டைப்பையைத் தொட்டார். கூடையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், "சார், இதக் கொஞ்சம் புடிங்க" என்று கூடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தன் முறையை ரத்து செய்திருந்தார்.

3

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இப்படிச் செய்வாரா? எட்டு மாத வலியை வைத்துக்கொண்டு? வாசகர் நம்ப வேண்டுமே என்று அவருக்கு ஒரு பின்கதை எழுதினேன். சின்ன வயதில் அவரிடம் ஒரு பூனை இருந்தது, அது ஒரு மழைநாளில்

இல்லை. அப்படி எந்தப் பூனையும் இல்லை. லட்டுவை அவர் கூப்பிடுவதே "ஏ சனியனே" என்றுதான்.

அவர்தான் எங்கள் கம்பெனிக்கும் பேலட் எடுக்க வருகிறவர் என்று பிறகு தெரிந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எனக்கு வலிச்சா வலிக்குதுன்னு கத்துவன் சார். அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

உருக்கமான வசனம். ஆனால் அதைச் சொல்லும்போது டீயை இடது பக்கமாகவே குடிக்க முயன்று பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

(ஒரு குறிப்பு: என் கம்பெனி காப்பீட்டில் இதயம் உண்டு, சிறுநீரகம் உண்டு, பல் இல்லை. பல் உடம்போடு சேர்த்தி இல்லையாம். அரசு ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கக் காசு வேண்டாம். வெளியே அதைக் காப்பாற்றத்தான் காசு. பூனைக்குப் பிடுங்குவதற்கே காசு. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். என் பல்வலி நின்ற பிறகு.)

4

அத்திப்பள்ளியில் லட்டுவுக்கு இரண்டு பல் எடுத்தார்கள். கிளம்பும்போது தஸ்தகீர், "டாக்டர், பஞ்சு கொஞ்சம் சேர்த்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கினார். வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அதைத் தன் கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டார்.

"பண்ணியாச்சா?" என்றார் சுக்ரா.

"ம்ம்."

"பூனைக்கு?"

"கவுருமெண்ட்ல. சும்மாவே பண்ணாங்க."

"சும்மாவேவா? அந்த டாக்டர் நல்லா இருக்கணும். பிரியாணி செஞ்சு தரன், குடுத்துட்டு வாங்க."

அந்தப் பிரியாணியை எங்கள் கம்பெனி செக்யூரிட்டி கருப்பசாமிதான் சாப்பிட்டார்.

மூன்று நாள் இருவருக்கும் ஒரே கஞ்சி. நான்காம் நாள் லட்டு மீன் கேட்டுக் கத்தியது. தஸ்தகீர் கஞ்சியிலேயே இருந்தார்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நபீலா தன் கணவன் ஜீஷானோடு விருந்துக்கு வந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. சுக்ரா பெரிய நல்லி எலும்பாகப் பார்த்துக் கணவர் தட்டில் வைத்தார்.

"இப்பத்தான் பல்லு சரியாயிருச்சே. கடிச்சுச் சாப்புடுங்க."

மாப்பிள்ளை பார்க்கிறார். மகள் பார்க்கிறாள். இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) தஸ்தகீர் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். (நாடகம்.)

ஆ) லட்டு பாய்ந்து எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. (எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பல் போன பூனை எப்படிக் கவ்வும்?)

இ) பல் தானாகவே விழுந்துவிடு

மூன்றும் வேண்டாம். நடந்தது இதுதான்: அவர் கடித்தார். சுக்ரா பார்த்துக்கொண்டிருந்ததால் வலது பக்கமாகவே கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரமா அத்தா?" என்றாள் நபீலா.

"காரம்" என்றார்.

லட்டு கொத்துக்கறி இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

6

மறுநாள் காலையில் அவர் வலது கன்னம் வீங்கியிருந்தது. இனி நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று எனக்கே பல் டாக்டரிடம் முறை. மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று உட்கார வைத்திருந்தார்கள். உதடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். பின்னால், முகத்தில் துண்டு சுற்றிய தஸ்தகீர்.

"எங்க அந்த டாக்டரம்மா? ஒம்போதாயிரம் வாங்கிக்கினு பண்ண லட்சணமா இது? மூஞ்சியப் பாருங்க, பூசணிக்கா மாதிரி!"

உள்ளே யாருக்கோ மெஷின் ஓடும் சத்தம். ரிசப்ஷனில் ஆள் இல்லை. தஸ்தகீர் துண்டுக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களால் என்னைக் கும்பிட்டார்.

அதைக் கவனித்த சுக்ரா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்கதானே அந்தப் பேலட் கம்பெனி சாரு? அன்னிக்கு நீங்களும் இங்க இருந்தீங்கன்னு இவருதான் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க. இவருக்குப் பல்லு பார்த்தாங்களா, இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். "ழ" மாதிரி ஏதோ வந்தது.

"தலைய ஆட்டுங்க, போதும்."

மேலும் கீழும் ஆட்டினால், அத்திப்பள்ளிக்குப் போன் போட்டுப் பேசிய அந்த டாக்டர் பணம் பிடுங்கியவர் ஆகிவிடுவார். பக்கவாட்டில் ஆட்டினால் தஸ்தகீரின் கதி என்ன என்று எனக்குத் தெரியாது. நம்மிடம் எதற்கும் பொருந்துகிற ஒரு தலையாட்டல் இருக்கிறதே, அதை ஆட்டிப் பார்த்தேன்.

"அது ஆமாவா, இல்லையா?" என்றார் சுக்ரா.

அவர் கோபமாகத்தான் கேட்டார். ஆனால் பார்வை என் மேல் இல்லை, புருஷன் மேல் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ?

உள்ளே மெஷின் சத்தம் நின்றுவிட்டது. டாக்டர் கதவைத் திறக்க இன்னும் நாலைந்து நொடிதான். எனக்கு வாய் மரத்திருக்கிறது. உங்களுக்கு இல்லையே. அந்த அம்மாவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.