மேடையில் கழன்ற தாலி

தான் நடிக்கும் நாடகத்தில் தாலி கழற்றும் காட்சி இருக்கிறது என்று மருமகள் பிரவீனா சொன்னதுமே புஷ்பவள்ளிக்கு வேண்டாம் என்று வாய்வரை வந்தது. வேண்டாம் என்று வாய்வரை வந்தது. கெலாங் பாத்தா ஊர் முழுக்க, பட்டிக்காட்டு மாமியார் என்று பேசுவார்களே என்று விழுங்கிக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சொந்தத் தாலிக்கொடி ரவிக்கைக்குள் ஊக்குக் குத்தி இருக்கவேண்டும். வெளியே தெரிவது நாடகத்துக்கென்று வாங்கிய மஞ்சள் கயிறு மட்டும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிற கதை. ரப்பர்த் தோட்டத்துக் காலத்திலிருந்து போடுகிறார்கள், எத்தனை தடவை போட்டாலும் மூக்கைச் சிந்த ஆள் இருக்கிறது. புஷ்பவள்ளி மேடையைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம். மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் அரை நாள் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் நாலு மணிக்கே வந்திருக்க வேண்டியவன். மணி ஆறாகிவிட்டது. வெளியே மழை கொட்டுகிறது. ஐந்து முறை போன் போட்டாள், அடித்து அடித்து நின்றது.

மேடையில் கடைசித் தம்பி செத்துப்போனான். அவன் மனைவியாக நடித்த பிரவீனா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஓரகத்தியாக நடித்த ஷர்மினி ஓலமிட்டபடி அவள் கழுத்தில் கைவைத்து இழுத்தாள். மஞ்சள் கயிறு கழுத்திலேயே கிடந்தது. ஷர்மினியின் கையில் தொங்கியது தங்கக் கொடி.

யார் காலை மிதித்தோம் என்றுகூடப் பார்க்காமல் புஷ்பவள்ளி மேடைக்குப் பின்னால் ஓடினாள். அந்தக் காட்சிக்குத் திரை விழுந்திருக்க, கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிரவீனா நின்றாள்.

"அடிச்சுக்கிட்டதுல ஊக்கு கழண்டது தெரியல அத்தை. அவரு வந்துட்டாரா?"

"வந்துகிட்டு இருக்கான்" என்றாள், வாய்கூசாமல்.

"நீங்களே போட்டு விடுங்க. எனக்குக் கை ஓடல."

புஷ்பவள்ளி ஓரடி பின்னால் நகர்ந்தாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இதே பிரவீனாவின் கல்யாணத்தில் ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டு சுற்றி வந்தபோது, சாப்பாடு எப்படி இருக்கிறதென்று பார்க்கிற சாக்கில் சமையல்கட்டில் போய் நின்றவள். நடந்தது போதாதென்று இப்போது தன் கையும் படவேண்டுமா?

"நான் தொடக்கூடாதும்மா. வேற யாரையாச்சும் கூப்பிடு."

"வேற யாரு? அவரைப் பெத்தது நீங்கதானே."

நாடகத்தை நடத்தும் அய்யாவு திரையோரம் நின்று அடுத்த காட்சிக்கு வரச்சொல்லி அவசரமாகக் கையாட்டினார். புஷ்பவள்ளி கொடியை வாங்கினாள். கொக்கி மூன்று தடவை நழுவி, நாலாவது தடவை மாட்டியது. அதற்குள் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள், பேர் மறந்துபோன ஒன்றிரண்டு சாமிகளையும் சேர்த்து.

மாட்டி முடித்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது. தொட்டுவிட்டோமே. தன் கைராசி மகனையும் கொண்டுபோய்விடுமோ? வாசலில் நின்று மழையையே பார்த்தாள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் வெளிச்சமும் கிட்ட வந்து, தாண்டிப் போனது. கால்மணி நேரம் அப்படி நின்றிருப்பாள்.

ஒரு வெளிச்சம் திரும்பி உள்ளே வந்தது. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட ரூபேந்திரன் இறங்கினான்.

"செம ஜாம்லா, மா. போன் மழைக்கோட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல." உள்ளே எட்டிப் பார்த்தான். "எல்லாரும் அழறாங்க, கதையில யாரு செத்தது?"

புஷ்பவள்ளி அவன் ஈரக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"யாரும் சாகலை" என்றாள்.