ஃப்ரிட்ஜ் நின்ற மதியம்

சமையலறைத் தரையில் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்ததுமே தியோடருக்குப் புரிந்துவிட்டது. தூங்கும் பாப்பாவைத் தோளில் போட்டபடியே சுவரைப் பார்த்தான். ஃப்ரிட்ஜின் சுவிட்ச் அணைந்திருந்தது.

காலையில் அதை அணைத்தவன் அவனேதான்.

வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறவனுக்கு ஃப்ரிட்ஜைப் போல எதிரி கிடையாது. ஒக்கலிபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும். அது போய்த் தொலைந்துவிடும். ஃப்ரிட்ஜின் உறுமல் போகாது. மெல்லிய குரலில் பாடும் வரிகளுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதனால் மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்துவான், ஃப்ரிட்ஜை நிறுத்துவான், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் போர்வைகளைத் தொங்கவிடுவான். திரும்பப் போட மறக்கக் கூடாதென்று பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவான். வெளியே கிளம்ப சாவி வேண்டும். அதற்கு ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருட்டாக இருக்கும், நினைவு வந்துவிடும். இந்த ஏற்பாடு இதுவரை தவறியதில்லை.

இன்று அவன் நடந்து போயிருந்தான்.

ஹோட்டல்களில் வாசிக்கும் குழு ஒன்றில் பல வருடங்கள் அடுத்தவர்களின் பாட்டைப் பாடியவன் அவன். குழு கலைந்தபோது மனைவி கேரல்தான் சொன்னாள், "உன் பாட்ட நீயே பண்ணு மேன். கொஞ்ச நாள் வீட்ட நான் பாத்துக்கிறேன்." அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிரசவ விடுப்பு முடிந்ததிலிருந்து பகலில் குழந்தை ஐரினை அடுத்த சந்தில் இருக்கும் கேரலின் அக்கா, மாதா பெயர் வைத்த ஃபாத்திமா, பார்த்துக்கொள்கிறாள். "சோலோ ஆல்பமாம்! பாப்பாவ நான் பாத்துக்கிறேன், சம்பளத்த அவ கொண்டாறா. இதுல எது சோலோ?" என்று ஃபாத்திமா கேலி செய்வாள். தியோடரும் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு மாதமாகப் பிடிகொடுக்காமல் இருந்த பாட்டு இன்று காலையில் வந்து உட்கார்ந்தது. கடைசி வரி முடிந்த சற்று நேரத்தில் ஃபாத்திமாவின் போன்.

"தியோ, பாப்பா ஒரே அழுகை. எங்கிட்ட நிக்க மாட்டேங்குது. ஸ்வல்ப, ஒரு நிமிஷம் வந்து பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அப்பாவின் தோளில் விழுந்ததும் குழந்தை தூங்கிவிட்டது. ஃபாத்திமா ரசம் சாதம் போட்டாள். சாப்பிட்டுவிட்டுக் குழந்தைக்குப் பக்கத்திலேயே படுத்து, பாட்டு வந்துவிட்ட சந்தோஷத்தில் அதையே முனகிக்கொண்டிருந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

இப்போது குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஃப்ரீசரைத் திறந்தான். உள்ளே கேரலின் தாய்ப்பால் பாக்கெட்டுகள். படுக்கவைத்து, சிலேட்டுப் பலகை போலத் தட்டையாக உறையவைத்திருந்தாள். ஒன்றை எடுத்தான். கையில் தொளதொளவென்று தொங்கியது. எல்லாமே அப்படித்தான்.

பள்ளியில் அவளுக்கென்று அறை எதுவும் கிடையாது. மதிய இடைவேளையில் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, ஹாக்கி மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் எடுப்பாள். வெளியே பி.டி. மாஸ்டர், "மேடம், ஒரு ஃபுட்பால் மட்டும்" என்று கெஞ்சுவாராம். முதலில் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு சொல்வதில்லை. அடுத்த வாரம் மைசூரில் மூன்று நாள் பயிற்சி. முடித்தால் வேலை நிரந்தரமாகும். புட்டிப்பால் மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை அத்தனையும் கக்கியது. அந்த மூன்று நாளுக்காகத்தான் இந்தச் சேமிப்பு.

தியோடர் சுவிட்சைப் போட்டான். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவள் வைத்த மாதிரியே தட்டையாக அடுக்கினான். விடிவதற்குள் பழையபடி கல்லாகிவிடும். உருகிய பாலைத் திரும்ப உறையவைக்கக் கூடாதென்று மருத்துவமனையில் நர்ஸ் சொன்னது அவனுக்கு நினைவில் இருந்தது. நினைவில் இருக்கும்போதேதான் அடுக்கினான். பிறகு ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தான்.

கேரல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யார் வீட்டுக்கு வந்துட்டேன்? தரையெல்லாம் பளபளங்குது!"

"சும்மாதான் தொடச்சேன்."

"சும்மாவா? எங்கம்மா சொன்ன துபாய் மாப்பிள்ளையக் கட்டியிருந்தா எனக்கு இந்தக் குடுப்பினை இருந்திருக்குமா?" என்று அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு, கை கழுவி, குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள். "பாட்டு என்னாச்சு?"

"வந்துடுச்சு."

"போடு, போடு! மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கே?"

ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினான். குழந்தை பால் குடிக்க, அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவள் முகத்தில் நாள் முழுக்க ஒட்டியிருந்த களைப்பு மெல்ல இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தியோ... இது நம்ம வீட்ல பாடினதா? நீ மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது. வேற ஒரு சத்தம் இல்ல. எப்படி மேன்?"

"ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணியிருந்தேன்."

"அது எப்பவும் பண்றதுதானே."

"திரும்பப் போடல."

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"எவ்ளோ நேரம்?"

"காலைலேர்ந்து. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போட்டேன்."

"அப்ப ஃப்ரீசர்ல..."

"எல்லாம் உருகிடுச்சு, கேரல். திரும்ப உறையறதுக்கு அடுக்கி வெச்சிருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அவள் உள்ளே போய்ப் பார்த்தால் அந்த நேர்த்தியான அடுக்கே சொல்லிவிடும்.

குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். ஃப்ரீசர் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. திரும்பி வந்தவள் கதவருகிலேயே நின்றாள்.

"நான் மைசூர் போனப்புறம் அதத்தான் பாப்பாவுக்குக் குடுத்திருப்பியா?"

மாட்டேன் என்று சொல்வது சுலபம்.

"தெரியல. அடுக்கும்போது பாப்பாவ நெனைக்கவே இல்ல. உன் மூஞ்சிய மட்டும்தான் நெனச்சேன்."

"அந்த ஸ்போர்ட்ஸ் ரூம்ல காத்தே வராது. பசங்களோட சாக்ஸ் நாத்தம்" என்றாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்து பக்கத்தில் போனான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அந்தப் பாட்ட அழிச்சிடறேன்" என்று லேப்டாப் பக்கம் திரும்பினான்.

"தொட்டே, கைய ஒடிப்பேன்!" அவள் குரலில் குழந்தை திடுக்கிட்டது. "அழிச்சா பால் திரும்பி வருமா? அழிச்சிட்டு, தண்டனை அனுபவிச்சாச்சுன்னு நீ நிம்மதியாயிடுவே. அந்த வேலையே வேணாம். அது இருக்கட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "நல்லா வேற பாடித் தொலைச்சிருக்கே."

அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"மைசூருக்கு நீயும் வர்றே. பாப்பாவத் தூக்கிட்டு ஹால் வாசல்ல நில்லு. இடைவேளைல நான் வந்து குடுக்கிறேன். எல்லா டீச்சரும் பாக்கட்டும்."

அதே வாரம்தான் பாட்டுகளை மிக்ஸ் செய்து தருவதாக நண்பன் அபினவ் நாள் ஒதுக்கியிருந்தான். அதைச் சொல்ல வந்த நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வர்றேன்."

"போய் ஊத்திடு. என்னால முடியாது."

குழந்தையைக் கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலோடு பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றான். ஒவ்வொரு பாக்கெட்டின் மூலையையும் வெட்டிச் சாய்த்தான். ஓரங்களில் மட்டும் உறையத் தொடங்கியிருந்த பால் பனித்துகளோடு விழுந்து, மெதுவாகக் கரைந்து இறங்கியது.

அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி அவள் அந்தப் பாட்டைப் போட்டிருந்தாள். மூச்சு இழுக்கும் இடங்களெல்லாம் துல்லியமாகக் கேட்டன.

"இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"பாதி."

பாட்டு முடிந்தது. அவள் மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள்.