ஏர் ஸ்க்ரூ

ஏரியின் நடுவில் அந்தப் போட்டு எஞ்சினைப் போல் சமர்த்து கிடையாது. இக்கரையில் கிளம்பினால் அக்கரை நெருங்கும்வரை ஒரே சீராக ஓடும். வேகத்தைக் குறைத்து, போட்டு கட்டும் ஜெட்டியை ஒட்டி வரும்போதுதான் அதற்கு என்னவோ ஆகிவிடும். இரண்டு தடவை குலுங்கும், கனமாகப் புகை விடும், அப்புறம் பேச்சு மூச்சு இருக்காது.

"கரையைக் கண்டா உங்க எஞ்சினுக்கு வெட்கம் வந்துடுதும்மா" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி சொல்ல, போட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பக்கத்தில் கயிற்றோடு நின்றிருந்த போட்டுக்காரியும் சிரித்து வைத்தாள். போட்டை ஓட்டுவது அவள் கணவன். கயிறு போட்டுக் கட்டுவதும் ஆட்களைக் கைகொடுத்து ஏற்றி இறக்குவதும் அவள் வேலை. எஞ்சின் நின்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான், ஏனென்றால் கரைக்குப் பக்கத்தில் நிற்பவள் அவள்.

திங்கள்கிழமை அந்தச் சிரிப்பும் போயிற்று. ஜெட்டிக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. காற்று போட்டைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போய் மரத்தூணில் இடித்தது. எழுந்து நின்றிருந்த நர்ஸ் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் கைப்பை ஏரிக்குள் போய்விட்டது. அடி யாருக்கும் இல்லை. ஆனால் எந்தப் போட்டுக்கு எந்த ட்ரிப் என்று முடிவு செய்யும் சூப்பர்வைசர் ஜெட்டியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் இறங்கிப் போனபின் அவர் வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"ஏம்மா, இது எத்தனை நாளுக்கு? பச்சை போட்டுக்காரன் புது எஞ்சின் போட்டுட்டுக் காலை ட்ரிப்பைக் கொடுங்க கொடுங்கன்னு என் வாசல்லயே நிக்கிறான். நானும் எவ்வளவு நாள் அவனுக்குச் சாக்குச் சொல்றது?"

"சரி பண்ணிடறோம் சார்."

"வெள்ளிக்கிழமை நானே ஏறி வர்றேன். ரெண்டு கரையிலயும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிப்பாட்டணும்."

"நிப்பாட்டணுமா?" என்றான் அவள் கணவன்.

"போட்டை நிப்பாட்டுப்பா. எஞ்சினை இல்ல. எஞ்சின் நின்னா உங்க ட்ரிப்பும் நின்னுது."

காலை ட்ரிப் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். பகல் முழுக்க அந்த ஏரியைக் கடக்க ஆளே வராது. காலையில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகிறவர்களை நம்பித்தான் போட்டு மிதந்தது. அது இல்லையென்றால் போட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, அவள் கணவன் பச்சை போட்டில் கூலிக்கு ஓட்ட வேண்டியதுதான்.

எஞ்சினுக்கு வைத்தியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. வைத்தியர் அவளுடைய தம்பி. ஜெட்டிக்குப் பின்தெருவில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் அரைச்சுத்து. எந்த வண்டி வந்தாலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏர் ஸ்க்ரூவை அரைச்சுத்து திறந்துவிடு, சரியாயிடும்" என்பான். பாதி வண்டிகள் சரியாகியும் விடும். அதனால் அவன் அந்தப் பெயரைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி வந்து, அக்காவின் சமையலறை மேஜையில் பழைய பேப்பரை விரித்துப் பிரித்துப் போட்டான். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகிற சின்னத் துளை பிசின் மாதிரி அடைத்துக் கிடந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

"பார்த்தியாக்கா, இதான் வியாதி. மச்சான் இத்தனை வருஷமா மூக்கடைச்ச எஞ்சினை வச்சு ஓட்டியிருக்காரு."

"ஓடுச்சுல்ல மாப்ளே" என்றான் அவள் கணவன். "அப்புறம், அந்தச் சிவப்புப் புள்ளி எங்க இருந்துச்சோ அங்கயே ஸ்க்ரூவை வை. அது நான் பார்த்துப் பார்த்து வச்ச இடம்."

சிவப்புப் புள்ளி அவளுடைய நெயில் பாலிஷ். வருஷக்கணக்காக ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து திறந்து, எஞ்சின் ஓரளவு அடங்கிய இடத்தில் அவள் கணவன் வைத்த அடையாளம். தம்பி அப்படியே வைத்தான்.

துளை சுத்தமான அன்றிலிருந்துதான் எஞ்சின் இன்னும் மோசமாயிற்று. முன்பு எப்போதாவது அணைந்தது இப்போது தினமும் அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"பெட்ரோல் ஜாஸ்தி, காத்து பத்தல" என்று தம்பி சொன்னான். சொன்ன கையோடு, காற்று கூடட்டும் என்று ஏர் ஸ்க்ரூவை அரைச்சுத்துத் திறந்துவிட்டு ஒர்க்‌ஷாப்பைத் திறக்க ஓடினான். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஸ்க்ரூ பழையபடி சிவப்புப் புள்ளியிலேயே இருந்தது.

"ஆட்டத்துல தானா மூடிக்குதுக்கா. ஸ்பிரிங் செத்துப்போச்சு."

புது ஸ்பிரிங் போட்டு அரைச்சுத்துத் திறந்தான். அதற்கும் மறுநாள், மறுபடி புள்ளி. இன்னொரு ஸ்பிரிங் போட்டான். அது அதைவிடக் கெட்டியானது. எஞ்சினும் பிடிவாதத்தில் அவனுக்குச் சளைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ட்ரிப் முடிந்து, போட்டின் அடியில் சேர்ந்த தண்ணீரை அவள் டப்பாவால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கணவன் எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளே திருப்புளியை விட்டுக்கொண்டிருந்தான். நாக்கை லேசாகக் கடித்திருந்தான். திருட்டு வேலை செய்தால் அவனுக்கு நாக்கு வெளியே வந்துவிடும்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் திருப்புளி?"

அவன் கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "உன் தம்பி காலைல திறந்துட்டுப் போறான். திறந்தா எஞ்சின் இன்னும் மோசமா குலுங்குது. சாயங்காலம் நான் புள்ளிக்குக் கொண்டுவந்துடறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அவன் ஸ்பிரிங் மேல ஸ்பிரிங்கா மாத்திட்டு இருக்கானே!"

"பாவம், நல்ல ஸ்பிரிங். திருப்பவே முடியல" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன்கிட்ட சொல்லிடாத. மனசு விட்டுப்போயிடும். மாப்பிள்ளையாச்சே, கடையை விட்டுட்டு வந்து பண்றான்" என்றான்.

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். திறந்தால் காற்று கூடும், காற்று கூடினால் புகை குறைய வேண்டும் என்பது தம்பியின் கணக்கு. ஆனால் திறந்தால் மோசமாகிறது என்று ஓட்டுகிறவன் சொல்கிறான். இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அப்படியென்றால் கணக்கில்தான் எங்கோ பிசகு.

சமையலறை மேஜை ஞாபகம் வந்தது. அன்று தம்பி ஒவ்வொரு பாகமாக அவள் உள்ளங்கையில் கொடுத்து, "தொலைச்சுடாதக்கா" என்றான். அந்த ஸ்க்ரூவின் கூர்மையான நுனி ஈரமாக இருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை.

தம்பி கரையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே வந்தான். பையில் மூன்றாவது ஸ்பிரிங். "மச்சான், இது லாரி ஸ்பிரிங் மாதிரி. இனிமே எப்படி நகருதுன்னு பார்ப்போம்!"

அவள் கணவன் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"டேய், உட்காரு" என்றாள் அவள். "அந்த ஸ்க்ரூ வழியா காத்துதான் போகுதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? ஏர் ஸ்க்ரூ வழியா ஏர் போகாம பின்ன என்ன, எண்ணெயா போகும்?"

"ஏர் ஸ்க்ரூன்னு அதுக்குப் பேர் வச்சது யாரு?"

தம்பி மச்சானைப் பார்த்தான். மச்சான் தம்பியைப் பார்த்தான்.

"மாப்ளே, நீதான் சொன்ன."

"நான் என்ன மச்சான், பைக்ல அதானே பேரு. நீங்களும் ஆமா ஆமான்னீங்க."

"நீ மெக்கானிக். நான் என்ன இல்லன்னா சொல்ல முடியும்?"

"கழட்டுடா" என்றாள் அவள்.

முழுதாகக் கழற்றி எடுத்தான். நுனியில் ஒரு சொட்டு நின்றது. முகர்ந்து பார்த்தான். மறுபடி முகர்ந்தான். அவன் முகம் மெல்லச் சிவந்தது.

"பெட்ரோல்" என்றான். "அப்ப இது காத்தை விடற ஸ்க்ரூ இல்ல. பெட்ரோலை விடற ஸ்க்ரூ. நான் திறக்கத் திறக்க..."

"குடிச்சவனுக்கு ஊத்திக் கொடுத்திருக்க" என்று முடித்தான் அவள் கணவன். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவனை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க சிரிக்காதீங்க. துளை அடைச்சிருந்தப்போ வச்ச புள்ளி அது. அடைப்புதான் போச்சே. அப்புறமும் அதே புள்ளிக்கு எதுக்குக் கொண்டுபோறீங்க? அதுவே இப்ப ஜாஸ்தி."

"கொண்டுபோறாரா? யாரு?" என்றான் தம்பி.

அவள் கணவன் முதுகுக்குப் பின்னாலிருந்து திருப்புளியை எடுத்து மெதுவாகப் பலகையில் வைத்தான்.

"மச்சான்!"

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"மூணு ஸ்பிரிங் மச்சான்! ஊர் பூரா அலைஞ்சு வாங்கினேன். கடைக்காரன் என்ன வண்டின்னு கேட்டதுக்கு பேய் பிடிச்ச வண்டின்னு சொன்னேன்!"

அவள்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அப்புறம் மற்ற இருவரும். ஜெட்டியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினார்கள். போட்டை இரண்டு கயிற்றால் இறுக்கிக் கட்டி, எஞ்சினைச் சூடாக்கினார்கள். நியூட்ரலில் சும்மா ஓடுகிற எஞ்சின் கியர் விழுந்ததும்தான் அணையும் என்பதால் கியரைப் போட்டே பார்க்க வேண்டும் என்று அவள் கணவன் சொன்னான். அதைத் தம்பி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலம் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

எஞ்சின் கனமாக, தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் ஓடிற்று. தம்பி ஸ்க்ரூவைக் கொஞ்சமாக மூடினான். பொறுத்தான். புகை மெலிந்தது. இன்னும் கொஞ்சம். சத்தம் தானாக ஏறியது. அவள் முன்பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தாள். இத்தனை நாள் பலகை அவள் கையைக் குத்தியது, இப்போது லேசாக அதிர்ந்தது.

"இன்னும் மூடு" என்றாள்.

மூடினான். எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. இன்னொரு தும்மல். அணைந்தது.

"இது பெட்ரோல் பத்தாத பட்டினி" என்றான் தம்பி. "இதுக்கும் அதுக்கும் நடுவுலதான்."

திரும்பக் கிளப்பி, தும்மிய இடத்திலிருந்து சிறிதாகத் திறந்தான். தும்மல் நின்றது. பலகை அமைதியாயிற்று.

"இன்னும் ஒரு அரை..."

"கையை எடுடா!"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் ஏறி, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போட்டு நிறைய ஆட்கள். கைப்பையை ஏரியில் விட்ட நர்ஸும் வந்திருந்தாள், புதுப் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி. தம்பி கடையைத் திறக்காமல் கடைசி வரிசையில் இடுக்கிக்கொண்டான். இக்கரையிலேயே அவர் சோதனையைத் தொடங்கினார்.

"கியர்ல போட்டுக்கோ. கயிறு இருக்கட்டும். கையை எடுத்துடு."

அவள் கணவன் ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தான். எஞ்சின் ஓடிற்று. சூப்பர்வைசர் தலையை அக்கரைப் பக்கம் அசைத்தார்.

அக்கரையில்தான் கதை இருந்தது. காற்று எதிரே இருந்தது. வேகம் குறைந்து ஜெட்டியை நெருங்கியபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கயிற்றை வீசித் தூணில் மாட்டி இழுத்தாள். அவள் கணவன் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கையை முழங்காலில் வைத்தான். அப்போது பச்சை போட்டு பக்கத்தில் கடந்துபோனது. அதன் அலை வந்து மோதியதில் பின்பக்கம் தூக்கி விழுந்தது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது.

அவள் கணவனின் கை முழங்காலை விட்டு எழுந்தது.

"அப்படியே விடுங்க" என்றாள் அவள், கயிற்றை விடாமல். சத்தமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது.

கை அந்தரத்தில் நின்றது. எஞ்சின் இன்னும் தாழ்ந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அலை அடங்கி போட்டு நேரானதும், மூச்சை இழுத்துக்கொண்டு எழுவதுபோல் சத்தம் தன் இடத்துக்கு வந்து அங்கேயே நின்றது. பலகை அவள் பாதத்தின் கீழ் சீராக அதிர்ந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"என்னப்பா பண்ணீங்க? எஞ்சின் மாத்திட்டீங்களா?"

"இல்ல சார்" என்றான் அவள் கணவன். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தான். தம்பி ஏரியைப் பார்த்தான்.

"ஆளாளுக்குத் திருகறதை நிறுத்தினோம் சார்" என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு, அவள் நீட்டிய கையைப் பிடித்து ஜெட்டியில் இறங்கினார். இரண்டடி போய்த் திரும்பி, "திங்கள்கிழமை வழக்கம்போல வந்துடுங்க. பச்சை போட்டுக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்ததாக நர்ஸ் புதுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கிவிடத் தொடங்கினாள்.