மணி அடித்த பிரசவம்

அந்த மருத்துவமனையில் பிரசவ அறைக்கு வெளியே ஒரு பித்தளை மணி தொங்கியது. சுகப்பிரசவம் ஆனால் மட்டுமே அதை அடிப்பார்கள். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் மணி வாய் திறக்காது. அந்தக் குடும்பம் பரீட்சையில் தவறிய பிள்ளையைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும். மணியை மாட்டியவர் மருத்துவமனையின் சொந்தக்காரரான பெரிய டாக்டர். அடிப்பவரும் அவரேதான்.

அறிவிப்புக்காரிக்கும் மணி அடித்தது. பேருந்து நிலையத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அவள் முகம் ஒருவருக்கும் தெரியாது, குரல் ஊருக்கே தெரியும். அவளுக்கு அது தலைப்பிரசவம். குழந்தை பெரிய குழந்தை. போதாததற்கு முகத்தை மேலே பார்த்து வைத்துக்கொண்டு இறங்கி வந்தது. மல்லாக்கப் படுத்தபடி முக்கி முக்கி அவள் ஓய்ந்து போனாள். “மெதுவா, மூச்ச விட்டு மெதுவா” என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரிய டாக்டர் குழந்தையின் தலையில் உறிஞ்சு கிண்ணத்தைப் பொருத்தி இழுத்துவிட்டார். குழந்தை வந்தது. வழியைக் கிழித்துக்கொண்டு வந்தது. எதுவரை கிழிந்தது என்று பார்க்கப் பொறுமையில்லாமல், மேலாகத் தைத்து முடித்துவிட்டு அவர் மணியடிக்க ஓடினார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். “சுகப்பிரசவமாமே!” என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். சுகப்பட்டவளோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உட்கார்ந்து பாதி நின்று பதில் சொன்னாள். கணவனுக்கோ குழந்தையின் தலையைத் தடவித் தடவி அலுக்கவில்லை. “எங்க குடும்பத்துத் தலை! நானும் இப்படித்தான் பெருந்தலையோட பொறந்தேனாம்” என்று, தலை வளர்த்ததைத் தன் சாதனையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தத் தலை எந்த வழியாக வந்தது என்ற யோசனை அவன் தலைக்குள் ஒரு நாளும் போனதில்லை.

வலி குறைந்தது. பிறகுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அவளுக்கு மூட முடியாமல் போனது மூன்றாவது ஒரு வாய். வாயு அவளைக் கேட்காமலே வெளியேறியது. தும்மினால் வந்தது, உட்கார்ந்தால் வந்தது, எழுந்தால் வந்தது, சிரித்தால் வந்தது. அதனால் அவள் சிரிப்பதை விட்டாள். சில நாள் துணியும் கறையானது. அதை ஒருவருக்கும் தெரியாமல் தானே அலசிப் போட்டாள். விடுப்பு முடியப் போகிறது. ஆள் அசைய இடமில்லாத கண்ணாடி அறை; பக்கத்து நாற்காலியில் இன்னொரு அறிவிப்பாளர்; முன்னால் எதையும் விடாமல் பிடிக்கும் மைக். அங்கே எப்படிப் போய் உட்காருவது? வேலையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். அந்தக் குரலைத் தவிர அவளுக்கென்று வேறு என்ன இருந்தது?

மெல்ல வீட்டில் சொல்லிப் பார்த்தாள். ஆளுக்கொரு காரணம் உடனே கிடைத்தது.

“வேலை வேலைன்னு உக்காந்தே இருந்தீங்கல்ல அண்ணி, அதான்” என்றாள் நாத்தனார்.

“எல்லாம் மனசுதான். வேற எதையாவது நெனைச்சுக்கோ” என்றான் கணவன்.

மாமியார் மட்டும் அறைக்குள் வரவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். விருந்தானாலும் துக்கமானாலும் கதவோரமாகவே நிற்பாள். தூரத்துப் பயணம் என்றால் தலைவலி என்று ஒதுங்கிவிடுவாள். அதனால் சொந்தக்காரர்கள் அவளுக்கு ‘நிலைவாசல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலைவாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்: “நாங்கல்லாம் பெக்கலையா? இதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா யாராவது?”

கடைசியில் அறிவிப்புக்காரி பெரிய டாக்டரிடமே போனாள். அவர் போர்வையை ஓரமாகத் தூக்கி, அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போர்த்திவிட்டார்.

“தையல் அருமையா ஆறியிருக்கே!”

“வெளிய ஆறிடுச்சு டாக்டர். உள்ள தசை ஏதாவது அறுந்திருக்கான்னு பாக்கணும்ல? எனக்கு அடக்கவே முடியல.”

“ஏம்மா, கிழியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு” என்று அவர் நாற்காலியில் சாய்ந்து பாடம் எடுக்கத் தொடங்கினார். “ஒண்ணு, தலைப்பிரசவம். அது ஒன்னோடது. குழந்தை பெருசு. அதுவும் ஒன்னோடது. தலை மேல பாத்து வந்துச்சு. ரொம்ப நேரம் முக்கின. எல்லாமே ஒன் பக்கந்தான் இருக்கு, பாரு.”

“நீங்க கிண்ணம் வெச்சு இழுத்தீங்களே டாக்டர், அது எந்தப் பக்கம்?”

“அது உதவிம்மா” என்றார் அவர், மனம் புண்பட்டுப்போய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒரு படி மேலே போய், கூடத்தைக் கட்டியதே நீதானே என்று அவளையே கேட்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து அவருக்கு வேறொரு யோசனை வந்தது. மணி மாட்டி வருடம் நிறைவதைக் கொண்டாட விழா எடுக்கிறார். மணியடிக்கப் பெற்ற தாய் ஒருத்தியை மேடையேற்றிப் பேசவைக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த குரல் இதோ எதிரில் இருக்கிறது.

“வந்து ரெண்டு வார்த்தை நல்லதா பேசு. விழா முடியட்டும், நிதானமா உள்ள பரிசோதிச்சுப் பாக்கறேன். தேவைப்பட்டா ஆபரேஷனுக்கு எழுதித் தரேன்.”

அவள் தலையாட்டினாள். பரிசோதனையைப் பரிசாகத் தருகிற மருத்துவம் வேறெங்காவது உண்டா தெரியாது, இங்கே இருந்தது. வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

விழாவன்று மருத்துவமனை அரங்கம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் கைக்குழந்தைகளோடு பெண்கள். முதல் வரிசையில் கணவன் அந்தப் பெருந்தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிலைவாசல் வழக்கம்போல வாசல் கதவோரம் நின்றாள். மேடை நடுவில் தாய்க்கென்று ஒரு மர நாற்காலி. கைப்பிடியில் சிங்கத்தலை இருந்தது, உட்காரும் இடத்தில் மெத்தை இல்லை. அதன் முன்னால் குட்டையாக ஒரு மைக். பிரசவம் ஆனவளுக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்துப் பார்த்தே செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்திருக்க முடியாது.

“நின்னுக்கிட்டே பேசறேனே டாக்டர்.”

“சேச்சே, நீதான் இன்னைக்கு ராணி. உக்காரும்மா” என்று அவர் அவள் தோளில் கைவைத்து, சபை பார்க்க, அன்பாக அழுத்தினார்.

அவள் உட்கார்ந்தாள். அதுவும் வந்தது. மைக் நல்ல மைக். சிறு சத்தத்தையும் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

பின்னால் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்; சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கணவன் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். பெரிய டாக்டர் மைக்கைப் பிடுங்கி, “நாற்காலி பழசு, கொஞ்சம் கிறீச்சுன்னு…” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

அறிவிப்புக்காரிக்குக் காதெல்லாம் எரிந்தது. ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தாள். எழுந்தபோது இன்னொரு முறை வந்தது. இனிமேல் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில், வண்டி வருவதைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்:

“கவனிக்கவும். தற்போது கேட்ட ஒலி நாற்காலியிலிருந்து வரவில்லை. பிரசவத்தில் கிழிந்து, சரியாகத் தைக்கப்படாத தசையிலிருந்து வருகிறது. பரிசோதனை காலவரையின்றித் தாமதமாகி வருகிறது. இதே தொல்லை உள்ள தாய்மார்கள் கை தூக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

சிரிப்பு நின்றது. ஒரு கையும் எழவில்லை. பெண்கள் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தார்கள். பெரிய டாக்டரின் முகத்தில் லேசாகத் தெம்பு திரும்பியது. “பாத்தீங்களா, ஒருத்தர்கூட…” என்று அவர் ஆரம்பித்தார்.

வாசல் கதவோரம் ஒரு கை எழுந்தது. முழங்கைவரை தயங்கித் தயங்கி வந்து, பிறகு நேராக நின்றது. நிலைவாசலின் கை.

“அம்மா!” என்று கணவன் எழுந்துவிட்டான். “கைய எறக்கும்மா, எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும்டா” என்றாள் அவள். “ஒன் பெருந்தலைதான். நீ பொறந்ததுலேருந்து எனக்கு இதே கதைதான். ஒன் கல்யாணத்துலகூட நான் வாசலத் தாண்டி உள்ள வந்து உக்காரல, ஞாபகம் இருக்கா?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தவனே அவன்தான். பொத்தென்று உட்கார்ந்தான். அவன் பின்னால் இன்னொரு கை எழுந்தது. சுவரோரம் ஒன்று. பெரிய டாக்டர் அதற்குமேல் பார்க்காமல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

“விழா முடிஞ்சிடுச்சு டாக்டர்” என்றாள் அறிவிப்புக்காரி, மைக்கை அணைக்காமலே. “எங்க ரெண்டு பேரையும் இப்பவே பாருங்க. உள்ள பாருங்க.”

பரிசோதனை அறைக்குப் போகும் வழியில் மணி தொங்கியது. மாமியாரும் மருமகளும் அதன் கீழே நின்று காத்திருந்தார்கள். பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

“ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல? நான் அப்படி அழுதேனே” என்று மருமகள் கேட்டாள்.

“சொல்லியிருக்கணும்” என்றாள் மாமியார். “ஆனா இத்தன வருஷத்துல கை தூக்குன்னு ஒருத்தரும் என்னக் கேட்டதில்லம்மா.”

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். “நீங்க மொதல்ல போங்க அத்தை” என்றாள் மருமகள்.