ஆளில்லாத குன்றைச் சுட்டவர்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அக்கா மார்லெனியின் கணவர் எடில்பெர்தோவிடமிருந்து பறித்தது. போன ஞாயிற்றுக்கிழமை, கலார்க்காவில் அவர்கள் வீட்டில், சன்கோச்சோ சூப்பு ஆறிக்கொண்டிருக்க அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குப் புரையேறிப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். 

முதல் வரி: "பாலைவனத்தில் இரத்தச் சிவப்பாய்ச் சூரியன்—"

வேண்டாம். "அங்க சூரியன் வெள்ளையா இருக்கும், யாமிலே. கண்ணைத் தொறக்கவே முடியாது" என்று அத்தான் என்னிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இன்னொரு முயற்சி: "கூலிப்படைக்காரன் எடில்பெர்தோ—"

இதற்கும் தடை.

"கூலிப்படைன்னு எழுதினே, இந்த வீட்ல இனிமே உனக்குச் சாப்பாடு கிடையாது."

"பின்ன என்னன்னு எழுதுறது அத்தான்?"

"பாதுகாப்பு ஆலோசகர்னு எழுது."

"கையில துப்பாக்கி வெச்சிருந்தீங்களே?"

"துப்பாக்கியோட ஆலோசனை சொன்னேன்!"

2

ஆகவே, நேராகவே சொல்கிறேன். எடில்பெர்தோ நம் ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமலும் ஓய்வூதியம் பற்றாமலும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். (பெயரை எழுதிப் பயனில்லை. இதற்குள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.) யாரோ பணக்காரரின் அரண்மனைக்குக் காவல் என்றார்கள். விமானம் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு விமானத்தில் ஏற்றினார்கள். அது இறங்கிய இடத்தில் அரண்மனை இல்லை, உள்நாட்டுப் போர்தான் இருந்தது. மணல் மூட்டைகள், எதிரே ஒரு குன்று, குன்றுக்கு அப்பால் எதிரி. எதிரி யார், என்ன சண்டை என்று மேற்பார்வையாளரைக் கேட்டதற்கு, "அது வாடிக்கையாளர் விஷயம்" என்றாராம்.

[இங்கே ஒரு கட்டுரை தொடங்கினேன்: சிப்பாய் தவறு செய்தால் ராணுவ நீதிமன்றம் இருக்கிறது, அவனை அனுப்பிய அரசு இருக்கிறது, செத்தால் பெட்டிமேல் போர்த்தக் கொடி இருக்கிறது. ஒப்பந்தக்காரன் தவறு செய்தால் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, அதற்கு எழுதினால்— கதை தூங்க ஆரம்பித்ததால் நிறுத்திவிட்டேன்.]

3

இப்போது நான் காத்திருந்த இடம். குதிக்காமல் எழுத முயல்கிறேன்.

ஒருநாள் மதியம் அத்தான் வாக்கி-டாக்கியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரியின் அலைவரிசை அகப்பட்டது. அதில் ஒருவன் கத்தினான், நம்முடைய மொழியில், கடைசி எழுத்தையெல்லாம் விழுங்கும் கடற்கரைக்காரன் பேச்சில்:

"இந்தக் காப்பியப் போட்டவன் எவன்டா? கழுத மூத்திரம் இதவிட நல்லாருக்கும்!"

அத்தானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்திலேயே ஒருவன்தான் காப்பிக்காக அப்படி அலறுவான். பொத்தானை அழுத்தினார்.

"ஃபனோர்?"

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "எவன்டா அது?"

"எடில்பெர்தோடா. உன் கல்யாணத்துல கேக்கு மேல உக்காந்தவன்."

"அடப்பாவி! நீ எதுக்குடா எங்களச் சுடுற?"

"நீ எதுக்குடா எங்களைச் சுடுற?"

"எனக்குக் கப்பலுக்குக் காவல்னு சொன்னானுவ மச்சான். வந்து பாத்தா கடலே இல்ல!"

(அக்காவுக்குப் புரையேறியது இந்த இடத்தில்தான்.)

இருவரும் ஒரே முகாமில் பயிற்சி பெற்றவர்கள். ஒருவன் தோளில் ஒருவன் ஏறிச் சுவர் தாண்டியவர்கள். அங்கேயே, வாக்கி-டாக்கியிலேயே, ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இனி இரண்டு பக்கமும் நடுவிலிருக்கும் குன்றைத்தான் சுடுவது. ஆளில்லாத குன்று. கல்லும் முள்ளும்.

4

அதன்பிறகு அந்தப் போர்முனை திருவிழாவாகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் சுடத் தொடங்குவார்கள். சுட்டுக்கொண்டே வாக்கி-டாக்கியில் கால்பந்து பேசுவார்கள்.

"வலப்பக்கப் பாறைய நான் ஒடைக்கிறேன், இடப்பக்கம் உனக்கு."

"ஏய், அது என் பாறைடா!"

புழுதி எழும்பும். மேற்பார்வையாளர் தொலைநோக்கியில் பார்த்து, "கடும் சண்டை" என்று மேலிடத்துக்குச் சொல்லுவார். இரு பக்கமும் பாராட்டு வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கதையை இங்கே முடித்துவிடலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். முடித்துக்கூட விட்டேன்: "இவ்வாறாக, இரண்டு நண்பர்கள் ஒரு போரை—"

ஆனால் அத்தான் அங்கே முடிக்கவில்லை. சிரித்த முகத்தோடேயே அடுத்ததையும் சொன்னார். சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

5

ஒரு காலை, முகாம் வாசலுக்கு ஒரு பெண் கழுதையோடு வந்தாள். கழுதைமேல் அவள் கணவன், முழங்காலுக்குக் கீழே துணி சுற்றி, துணி முழுக்க இரத்தம். ஆடு மேய்க்கிறவன். குன்றின் பக்கவாட்டுச் சரிவில், இரண்டு பக்கத்துக் குண்டும் எட்டும் இடத்தில், அவர்களுக்கு ஒரு குகை இருந்திருக்கிறது. சண்டைக்குப் பயந்து அதில்தான் ஒளிந்திருந்தார்களாம்.

மேற்பார்வையாளர் மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னார்: "நாம ராணுவம் இல்ல, தனியார் நிறுவனம்னு சொல்லு. எதிர்ப்பக்கம் போய்க் கேக்கச் சொல்லு."

"அங்க போயிட்டுத்தான் வர்றாளாம்," என்றான் மொழிபெயர்ப்பாளன். "அவங்களும் இதையேதான் சொன்னாங்களாம்."

அத்தான் வாக்கி-டாக்கியை எடுத்தார். "ஃபனோர், குன்று காலியா இல்லடா."

இரைச்சலுக்கு நடுவே யாரிடமோ லாரிச் சாவி கேட்கும் குரல். பிறகு, "நா வர்றேன்."

வெள்ளைத் துண்டு கட்டிய லாரியோடு ஃபனோர் தனக்கு எதிரியான அத்தானின் முகாம் வாசலுக்கே வந்தான். மேற்பார்வையாளர் கத்தினார், வேலை போய்விடும் என்றார். இருவரும் அந்த மனிதனைத் தூக்கிக் கிடத்தினார்கள். மொழிபெயர்ப்பாளனையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கிவிட்டது.

வெளி முற்றத்தில் அந்தப் பெண் இருவர் முன்னாலும் வந்து நின்றாள். அழவில்லை. ஒன்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளன் சொன்னான்:

"உங்க ரெண்டு பேர்ல யாருன்னு கேக்குறா."

6

விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். விமானத்தில் ஏறினால் அத்தானுக்குப் பக்கத்து இருக்கையில் ஃபனோர்! இரண்டு பயணச்சீட்டையும் ஒரே அலுவலகம் எடுத்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஆள் அனுப்பியது ஒரே முதலாளி. அதைக் கண்டுபிடித்ததும் விமானப் பணிப்பெண் வந்து அதட்டும் அளவுக்குச் சிரித்தார்களாம். பிறகு ஊர்வரை பேசவே இல்லையாம்.

"அது கெடக்கட்டும், அவகிட்ட என்ன சொன்னே?" என்று அக்கா கேட்டாள்.

"மிளகா சாஸ எடு," என்றார் அத்தான்.

மறுநாள் தொலைபேசியில் நான் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒண்ணா 'நான்தான்'னு சொன்னோம்" என்றார். அற்புதமான முடிவு! எழுதிவிட்டேன். ஆனாலும் கடற்கரை ஊரான பர்ரான்கியாவில் இருக்கும் ஃபனோரைக் கூப்பிட்டேன். "யாரு, எடில்பெர்தோவா அப்டிச் சொன்னான்? நாங்க தரையப் பாத்துக்கிட்டு நின்னோம்மா. ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே ரகக் குண்டு. எவனுக்குத் தெரியும்?" என்றார்.

அதையும் எழுதிப் பார்த்தேன். ஒருவரையொருவர் கைகாட்டியதாகவும் எழுதினேன். மூன்றும் நன்றாகத்தான் வந்தன. மூன்றையும் அழித்துவிட்டேன். மூன்றிலும் அவள் எதுவும் கேட்காதவள்போல ஓரமாக நிற்கிறாள்.

எனவே வாசகரே, அத்தானை விட்டுவிடுங்கள், அவர் சாப்பிடட்டும். ஆஸ்பத்திரி முற்றத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். அவள் கேட்டுவிட்டாள். மொழிபெயர்ப்பாளன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். என்ன சொல்வதானாலும் சற்று உரக்கவே சொல்லுங்கள். சன்னல் திறந்திருக்கிறது, உள்ளே அவள் கணவன் விழித்திருக்கிறான்.