டீச்சர் வாசிக்கிற இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ஆதிகேசவனின் சாக்ஸபோன் பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு மதில் பக்கம் ஓடினேன். எங்கள் தெருவில் கரண்ட் போனால்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் வெளியே வரமாட்டார்கள். எதிர்வீட்டு மணியம்மாள் எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள். "இன்னாக்கா, ஆளு கீறானா, போய்ட்டானா?" என்றாள்.

ஆள் இருந்தான். கொல்லையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஊதத்தான் இல்லை.

சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் அவனுக்கு ஷிப்டு வேலை. லீவு நாளில் பேண்டு செட்டோடு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவான். பள்ளிப்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்டால் மணியம்மாள் ஒரு காரணம் சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். அவன் எதுவும் சொன்னதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் மகள் படிக்கும் கான்வென்ட் ஹாலில் வாசிக்கப் போனவன், அங்கே விக்டோரியா டீச்சர் பியானோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தான். அன்று பிடித்தது. சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, சாக்ஸபோனும் பியானோவும் சேர்ந்து வாசிக்கச் சொந்தமாக மெட்டுக் கட்ட ஆரம்பித்தான். பியானோ பங்கையும் இவனே ஊதிக் காட்டுவான், டீச்சர் எழுதிக்கொள்வார் என்று கேள்வி. நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், காலியான ஹால். என் மகளை ஸ்கூலிலிருந்து கூப்பிட்டு வரும் சாக்கில் அந்த ஹால் ஜன்னலோரம் போய் நின்றேன். வேறு என்னவோ கேட்கும் என்றுதான் போனேன். கேட்டது இதுதான்:

"மெட்டு நல்லா இருக்கு ஆதி சார். ஆனா நீங்க மூச்சே விடமாட்டேன்றீங்க. நான் எங்க வாசிக்கறது?"

"சாவு ஊர்வலத்துல பழகுன வாய் டீச்சர். நான் நிறுத்துனா தூக்கினு போறவங்க நின்னுடுவாங்க."

"இங்க யாரையும் தூக்கினு போகல. நிறுத்துங்க. நான் வாசிச்சு முடிச்சதும் வாங்க. ஆண்டு விழாவுக்குள்ள சரியா வரலைன்னா அந்த நேரத்துல பசங்க டான்ஸ் போட்டுடுவேன்."

டீச்சர் சொன்ன அந்தத் திருத்தத்தைத்தான் இப்போது கொல்லையில் பழகிக்கொண்டிருந்தான். ஊதுவான், நிறுத்துவான். அந்த இடைவெளியில் ஹைவே லாரி ஹாரன் அடிக்கும், மணியம்மாள் வீட்டுக் குக்கர் கத்தும், என் வீட்டு டிவியில் யாராவது அழுவார்கள். அவனுக்குப் பொறுக்காது. டீச்சர் முடிப்பதற்குள் திரும்ப ஊதிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வான். இல்லாத டீச்சர் எப்போது முடிப்பார் என்று எப்படித் தெரியும், பாவம்.

"இன்னா நைனா, பாட்டுல ஓட்டை உழுந்துடுச்சா?" என்றேன் மதிலுக்கு மேலிருந்து.

"ஓட்டை இல்லக்கா. டீச்சர் வாசிக்கிற எடம்."

"டீச்சர் எங்க கீறாங்க? குக்கரு இல்ல வாசிக்குது?"

சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் ஸ்டூலை மதிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "நீங்க எப்பவும் பேசிக்கினுதான இருக்கீங்க. அந்த எடத்துல ஏதாவது பேசுங்க. நீங்க முடிச்சதும் நான் வர்றேன்."

"நானா?"

"இத்தினி வருசமா ஊதறேன்க்கா. மோளக்காரன் கூட அடிக்கிறான், ஜனம் ஆடுது, அழுவுது. பதிலுக்கு ஒருத்தர் வாசிச்சதில்ல. ஒரே ஒருவாட்டி கேக்கணும்."

ஊதினான். நிறுத்தினான். என்னைப் பார்த்தான். மூன்று தெருச் சங்கதியை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவள் நான். யாரும் குறுக்கே பேசாமல், என் முறை என்று விட்டுக் காத்திருந்தால் அதில் எதையும் சொல்லத் தோன்றுவதில்லை. கடைசியில், "எங்க ஊட்டுக்காரரு குவைத்லேந்து போன் பண்ணி ரொம்ப நாளாவுது" என்றேன். மணியம்மாளிடம்கூடச் சொல்லாத விஷயம். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நான் வாயை மூடும்வரை இருந்துவிட்டு, மெதுவாக ஊதினான்.

அப்புறம் தினமும் அதுவே. என் பேச்சு நீள நீள, அவன் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தான். பாட்டு பாதிக்கு மேல் பியானோவுக்குப் போய்விட்டது. டீச்சர் இப்போது சரி என்று சொல்லிவிட்டாராம்.

ஆண்டு விழாவில் மணியம்மாளும் நானும் முதல் வரிசையில் இடம் பிடித்தோம். கல்யாண பேண்டின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நாலு வரி ஊதினான், நிறுத்தினான். டீச்சர் வாசித்தார். ஏதோ ஒரு கட்டை மட்டும் அழுத்தும்போதெல்லாம் டொக் என்றது. மற்றபடி, நிதானமாக உட்கார்ந்து ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பதில் சொல்வது போலவே இருந்தது. முடித்துவிட்டு இவன் பக்கம் திரும்பினார்.

இவன் ஊதவில்லை.

"மறந்துட்டானாக்கா?" மணியம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். "மறக்கல, கேட்டுக்கினு கீறான்" என்று நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். டீச்சர் விரலை எடுக்காமலே தன் வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசித்துக்கொண்டு வந்தார். முடிக்கும் இடத்தில் புருவத்தை உயர்த்தித் தலையை ஆட்டினார். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆதிகேசவன் கண்ணை மூடியிருந்தான். கன்னம் இரண்டும் காற்றால் உப்பி, விரல்கள் சாக்ஸபோனின் பொத்தான்கள் மேல் பதிந்து தயாராக இருந்தன. டீச்சர் மூன்றாம் முறை ஆரம்பித்தார்.